கடல் வெளியே போயிருக்கிறது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் பிள்ளையைப் பெற்றவருக்குச் சொல்ல வேண்டிய வணக்கங்கள் அத்தனையும் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும். இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்றால், கை கால்கள் குறைவில்லாமல் இருக்கின்றன. தரையில் படுத்து எழுந்ததில் என் இடுப்பு மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் இருக்கிறது. தங்கள் முதுகுவலி எப்படி? எல்லோரும் காரில் ஏறிய பிறகு, மிகச் சரியாக நீங்கள் ஏற வேண்டிய நேரத்தில் பிடித்துக்கொண்ட வலி என்பதால் கூடுதல் அக்கறையோடு விசாரிக்கிறேன்.

"குழந்தையோட தங்கத் தோதான எடமான்னு பாத்துட்டு எழுதுங்க" என்று காரின் கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டீர்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கூடாரத் தளத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். அது பெரிய குப்பைத்தொட்டியின் மூடிமேல் ஏறி நின்றால். மாப்பிள்ளை ஏறினார், பேசினார், இறங்கும்போது மூடி உள்வாங்கிக்கொண்டது. ஆகவே கடிதம். நான் வாழ்நாள் முழுக்க ஓட்டுநர் தேர்வு வைத்தவன், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் மகனை மூன்று முறை தோற்கடித்தேன். அவர் என் மாப்பிள்ளையாகப் போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான்காவது முறையும் தோற்கடித்திருப்பேன் என்று என் மகள் சொல்வது அவதூறு. அதன் பலன், கல்யாணமாகிக் குழந்தைக்கு ஐந்து வயதாகியும் மாப்பிள்ளை என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். காரில் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது.

முதலில் டென்ட் விஷயம். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பெரிய டென்டின் பெட்டிமேல் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும் படம் போட்டிருக்கிறதே, அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது எங்களுக்கு மத்தியானத்துக்குள் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை விளக்கத்தாளைப் படிக்க, நான் கம்பிகளைச் சேர்க்க, என் மகள் இரண்டு பேரும் செய்வது தப்பு என்று சொல்ல, டென்ட் ஒருவழியாக எழுந்து நின்ற நேரத்தில் மணல்மேட்டின் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அதை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிற்று. பறித்தது என்று எழுத மாட்டேன், அவ்வளவு மரியாதையாக எடுத்தது. பைன் மரங்களுக்கு நடுவே மனை மனையாகப் பிரித்துக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மனையிலும் ஒரு குடும்பம், ஒரு கார், ஒரு மடக்கு மேஜை. அத்தனை மேஜைகளுக்கும் மேலாக நம் டென்ட் போயிற்று. ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தினம் இந்த நேரத்துக்கு ஒரு டென்ட் போகும் என்பதுபோல் மறுபடி குனிந்துகொண்டது. கடைசியில் குழந்தைகள் ஊஞ்சலில் அது மாட்டிக்கொள்ள, நாங்கள் நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்து இழுத்துவந்து பரப்பினோம். அப்போதுதான் சம்பந்தியம்மா (இத்தனை வருடத்தில் உங்கள் வீட்டில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை) நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் உக்காந்துட்டேன், இனிமே எங்கயும் போகாது. ரெண்டு பேரும் பேசாம முளை அடிங்க" என்றார். ஆகவே நம் டென்ட், உங்கள் வீட்டம்மாவைச் சுற்றிக் கட்டப்பட்டது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்தது கடல். பேத்தி, நம் சுண்டெலி, வாளியும் கரண்டியுமாகக் காத்திருந்தாள். மணல்மேட்டின் பலகைப் படிகளில் ஏறி உச்சிக்குப் போய்ப் பார்த்தால், சம்பந்தி, அங்கே கடல் இல்லை. கண் போகிற மட்டும் ஈரச் சேறும் மணலும். உழுது விட்டதுபோல் வரி வரியாக, ஆளில்லாமல், வானத்தில் போய் முடிகிறது. "தாத்தா, கடலை யாரு எடுத்துட்டாங்க?" என்று சுண்டெலி என்னைக் கேட்டாள், நான்தான் எங்கேயோ வைத்துவிட்டு மறந்தேன் என்பதுபோல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. விளம்பரத்தில் நீலமாகக் கடல் போட்டிருந்தார்களா இல்லையா? நேரே அலுவலக அறைக்குப் போனேன். சாவிக் கொத்துகளுக்கும் காலணிக் குவியலுக்கும் நடுவில் ஓர் அம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கடல் எங்க?"

"வெளிய போயிருக்குங்க. விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடும்."

வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார் என்கிற தொனியில் சொன்னார். நான் திரும்பிவந்து எல்லோரிடமும் அதே தொனியில் சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது.

ஆனால் வந்தது. அதை எப்படி எழுதுவேன்? அலையடித்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் தூரத்தில் மணலின் வரிகள் ஒவ்வொன்றாக மினுங்கின. பிறகு சுண்டெலி தோண்டியிருந்த குழியில், யாரும் ஊற்றாமலேயே தண்ணீர் நின்றது. அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் நின்ற மேட்டின் இரண்டு பக்கமும் வெள்ளிப் பாதைகள் போட்டதுபோல் நீர் வந்து சேர்ந்து, மத்தியானம் நான் பார்த்த அவ்வளவு பெரிய வெளியும் சத்தமே இல்லாமல் கடலாகிவிட்டது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சுண்டெலி மட்டும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "வந்துட்டாங்க" என்றாள். கடலுக்கு அவள் மரியாதை கொடுத்துவிட்டாள்.

இனி நான் சொல்லப்போவதை என் மகள் ஊருக்கு வந்ததும் வேறு மாதிரி உங்களுக்குச் சொல்லக்கூடும், நம்ப வேண்டாம். நேற்றுக் காலை, விடிந்துவிட்டது, ஆனால் விடிந்ததற்கு அடையாளமாக எதுவும் தெரியவில்லை. மூடுபனி. டென்டின் வாசலைத் திறந்தால் வெளியே இன்னொரு டென்ட் துணி தொங்குவதுபோல் வெள்ளை. தோளில் துண்டு, கையில் சோப்புப்பெட்டி, வாயில் பல்துலக்கி. பொதுக் குளியலறைக்குப் போகும் கம்பீரத்தோடு புறப்பட்டேன். மூன்றாவது மரத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். எந்த மரம் மூன்றாவது என்பதில் எனக்கும் மரங்களுக்கும் கருத்து வேறுபாடு வந்திருக்க வேண்டும். நடந்தேன். காலடியில் பலகைப் படி வந்தது, ஏறி இறங்கினேன். சரி, குளியலறை வாசல். பிறகு ஈரம் வந்தது. சரி, யாரோ குழாயை மூடாமல் போயிருக்கிறார்கள், புகார் செய்ய வேண்டும். இன்னும் நடந்தேன். சேறு கணுக்காலைப் பிடித்தபோதுதான் இவ்வளவு பெரிய குளியலறை உலகத்தில் கிடையாது என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தால் திரும்பிப் பார்க்க ஒரு திசை இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்கு வலம் இடம் சொன்ன மனிதன் நான், சம்பந்தி. ஒரு கையில் சோப்பை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு சத்தம். ஒரு பெரிய மண்டபத்தில் கூட்டம் நிறைந்து, எல்லோரும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் அடக்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அது. என்னைச் சுற்றிலும். சோப்புப்பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், ஒளிக்க விரும்பவில்லை. பனி கொஞ்சம் விலகியது, கொஞ்சம்தான், ஒரு அறை அளவுக்கு. தரை முழுக்கப் பறவை. கைப்பிடி அளவுதான் ஒவ்வொன்றும், ஒன்றை ஒன்று தொட்டபடி, எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி. பனி இன்னும் விலகியது, இன்னும் பறவை. இன்னும் விலகியது, இன்னும். மணல் என்று ஒன்று கண்ணில் படவில்லை. நிறம் சாம்பலா, பழுப்பா, இரண்டும் கலந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தனை வருடம் பெயிண்ட் கடை நடத்திய நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அட்டையைப் பார்க்காமலே சொல்லியிருப்பீர்கள் என்று சத்தியமாக அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். என் காலுக்குப் பக்கத்தில் ஒன்று ஒற்றைக்காலில் நின்று தூங்கியது. அதன் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று நான் வாயிலிருந்த நுரையைத் துப்பாமல் விழுங்கிவிட்டேன்.

பறவைகள் மேட்டில் நின்றன, நான் நின்ற பள்ளத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கணுக்காலுக்கு வந்தது, முழங்காலை நோக்கி ஏறியது. பின்னாலிருந்து எங்கேயோ மாப்பிள்ளையின் குரல், "சார்! சார்!" என்று. பதில் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் அத்தனையும் பறந்துவிடுமே. இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு மனிதன் கடலில் மூழ்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமான காரணமாகத்தான் பட்டது. குரல் நகர்ந்து போனது, மறுபடி வந்தது. இந்தத் தடவை, "மாமா! மாமா, எங்க இருக்கீங்க? மாமா!" என்றது. குரல் உடைந்திருந்தது. எனக்கு என்னவோ செய்துவிட்டது, சம்பந்தி. "இங்கதான்பா இருக்கேன். மெதுவா வா, மிதிச்சுடாத" என்றேன், மிக மெல்ல.

பனிக்குள்ளிருந்து வந்தார். இரவு உடை, ஒற்றைச் செருப்பு. என்னைப் பார்த்துத் திட்டத்தான் வாயைத் திறந்தார், அந்த உரிமை அவருக்கு உண்டு. திறந்த வாய் அப்படியே நின்றது. வந்து என் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் வேர்வை இல்லை.

"எவ்வளவு மாமா இருக்கும்?"

"எண்ணாத. சும்மா பாரு."

அந்த நேரத்தில்தான் நம் காரின் ஹாரன் அடித்தது. உங்கள் வீட்டம்மா. நாங்கள் இரண்டு பேரும் காணாமல்போனதும் என் மகள் அழ ஆரம்பிக்க, சம்பந்தியம்மா காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரனில் முழங்கையை ஊன்றியிருக்கிறார். தேவையில்லாமல் ஹாரன் அடித்தவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இந்த ஹாரன்! தரை எழுந்தது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. நாங்கள் நின்ற உலகம் முழுக்க ஒரே மூச்சில் எழுந்து எங்கள் தலைக்கு மேல் போயிற்று. காற்று முகத்தில் அறைந்தது, துண்டு பறந்துபோயிற்று, பனி கிழிந்து வெயில் விழுந்தது. மேலே அவை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தபோது கருப்பாயின, மறுபக்கம் சாய்ந்தபோது வெள்ளையாயின, அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே இல்லாமல் போய் மறுபடி வந்தன. நான் சத்தம் போட்டேன் என்று மாப்பிள்ளை சொல்கிறார். என்ன சொன்னேன் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஹாரன் வந்த திசையைப் பிடித்து, தொடையளவு தண்ணீரில் கரையேறினோம். என் மகள் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பிறகு திட்டினாள், நீளமாக, நியாயம்தான். சம்பந்தியம்மா காரைவிட்டு இறங்கவில்லை. முன் கண்ணாடி வழியாக மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அருகில் போனதும், "அண்ணா, இது எல்லாம் நானா எழுப்பினேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழங்கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். பிறகு, "அவர் கடைய ஒப்படைச்ச நாள்லேர்ந்து வீட்டுச் செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார். நான் என்ன பேசினாலும் திரும்பறதில்ல. இத ஒரு தடவ பாத்தா போதும்ணா" என்றார். இதை எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றும் சொல்லவில்லை.

எனவே கேட்ட கேள்விக்குப் பதில்: குழந்தைக்குத் தோதான இடம்தான், பெரியவர்களைத்தான் கயிறு கட்டி வைக்க வேண்டும். பறவைகள் இன்னும் பல நாள் இருக்கும் என்று பக்கத்து மனைக்காரர்கள் சொல்கிறார்கள். கடிதம் கிடைத்த மறுநாள் காலை வண்டியைப் பிடித்தால் சாயங்காலம் வந்துவிடலாம். முதுகுக்கு என்று தனியாக ஒரு மடக்குக் கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்தப் பறவைகளுக்காகப் புறப்பட்டு வாருங்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சரியில்லை.

தங்களுக்கும், தங்கள் முதுகுக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சுண்டெலி ஒரு கிளிஞ்சலை உறைக்குள் போட்டிருக்கிறாள், தபால்காரர் மன்னிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இன்று காலை எல்லோரும் மணல்மேட்டுக்குப் போனோம். ஒரு பறவைகூட இல்லை. அலுவலக அம்மாவைக் கேட்டேன். "காத்து மாறிடுச்சுங்க, கெளம்பிடுச்சு. இனி அடுத்த வருஷம்தான்" என்றார். ஆகவே மேலே எழுதியதில் எதுவும் இப்போது இங்கே இல்லை. எதைக் காட்டுவதற்காக உங்களை அழைத்தேனோ அது போய்விட்டது. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சம்பந்தியம்மா அந்த வெற்று மணலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது, ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று பக்கத்தில் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "இவ்வளவு பெரிய எடமா அண்ணா இது!" என்றார். அதைப் பார்க்க வாருங்கள்.