சலூன் சுவரில் காய்ந்த வெயில்

"அடுத்த மாசம் வீடு மாத்தறோம். எங்க அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துல," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

நம்மவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே போட்டார். பின்னே? மச்சான் ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். காலை அஞ்சு மணிக்கு விசில் ஊதி, அக்கம்பக்கம் முழுவதையும் குனிந்து நிமிர வைக்கிற ஆசாமி. நம்மவரோ எட்டு மணிக்கு முன்னால் சூரியனையே மதிக்காதவர்.

"இந்த வீட்டுக்கு என்னடி குறைச்சல்?"

"வெளிச்சம். பட்டப்பகல்ல கறுப்புத் துணியில கறுப்பு நூல் தெரியல. நேத்து ஒருத்தர் கோட்டுல கை நுழையற இடத்தையே மூடித் தைச்சிட்டேன்."

"லைட்டைப் போடேன்!"

"லைட்டுல கறுப்பும் கருநீலமும் ஒண்ணாத்தான் தெரியும். எனக்கு வெயில் வேணும்."

நம்மவர் ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்ச்சாரியில் சலூன் சுவர் மேல் வெயில் கொட்டோ கொட்டென்று கொட்டி வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு கண்ணாடியை மாட்டி இந்தப் பக்கம் சாய்த்தால்? அடடா, என்ன மூளை என்று தன் வழுக்கையைத் தானே தட்டிக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். "உங்க தலைக்குச் சீப்பு எதுக்கு சார், துண்டு போதுமே" என்று சலூன்காரர் சொன்னதற்காக, இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று நடுத்தெருவில் சபதம் போட்டு நாலு வருஷமாகிறது. ஆனால் காதுக்குள் விசில் சத்தம் கேட்டதே! மானத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"பழைய கண்ணாடி ஒண்ணு வெளியில மாட்ட முடியுமா? எங்க ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு..."

"அன்னிக்கு என்னமோ சபதம் போட்டீங்களே சார்?"

"தப்புதாங்க."

"கொஞ்சம் சத்தமா."

"தப்பு! தப்பு! போதுமா?"

மூணு மணிக்குத் தையல் மெஷின் மேல் வெயில் வந்து உட்கார்ந்தது. மனைவி ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தாள். "சரி, வீடு மாத்த வேண்டாம்," என்றாள். நம்மவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்லச் சலூனுக்கு ஓடினார்.

"எனக்கெதுக்கு சார் நன்றி? போன வாரமே உங்க வீட்டம்மா வந்து ஆணி அடிக்க இடம் குறிச்சிட்டுப் போயிட்டாங்க. 'நான் சொன்னா வீம்பு பிடிப்பார், அவரா வருவார். கொஞ்சம் கெஞ்ச விடுங்க'ன்னாங்க."

நம்மவர் வீட்டுக்குள் பாய்ந்தார். "அப்போ உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் போறதா சொன்னது?"

"அய்யே, அங்கே யாரு போவா? அஞ்சு மணிக்கு விசில் ஊதினா மனுஷி தூங்க வேண்டாமா? அதை விடுங்க, வெயில் நகர்ந்துடுச்சு. ஓடிப்போய்க் கண்ணாடியைத் திருப்பிட்டு வாங்க. இனிமே அரை மணிக்கு ஒருதரம்."