வாஸ்து நாளில் வந்த இன்ஸ்பெக்டர்

கட்டட அனுமதிக்காகக் காத்திருப்பவனுக்குப் புத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். எனக்கு ஒரே காலையில் மொத்தமாகக் கழன்றது. (கழலுவதற்கு முதலில் அது இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து.)

தெற்குக் கொல்கத்தாவில் எங்கள் குடியிருப்பு மாடியில். கீழ்த்தளத்தில் என் தாத்தா காலத்திலிருந்தே ஒரு வாடகைக் குடும்பம். காலி செய்யச் சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மாடிக்குத் தூக்கி வந்தோம். அதன்பிறகு அவள் படி இறங்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்கிக் காய்கறிக்காரரோடு சண்டை போடுவதுதான் அவளுக்கு வெளியுலகம். பின்பக்கக் காலியிடத்தில் அவளுக்கென்று ஓர் அறையும் கழிப்பறையும் கட்ட நினைத்து, வரைபடம் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து இடத்தைப் பார்ப்பார் என்றார்கள். மழைக்காலம் போனது, துர்கா பூஜோ போனது, அந்த இன்ஸ்பெக்டரே மாற்றலாகிப் போனார். அலுவலகத்தில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "ஃபைல் மேல இருக்கு, தாதா." (எங்கள் அம்மாவும் மேலேதான் இருந்தாள்.)

அந்தச் சமயத்தில் பஞ்சாங்கத்தில் வாஸ்து நாள் வந்தது. வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாள். வருடத்தில் சில நாட்கள்தான் விழிப்பார். (அலுவலகத்துக்கு அவர் தேவலை.) பூஜையை மட்டும் போட்டு வைப்போம், அனுமதி வரும்போது வரட்டும் என்று முடிவு செய்தேன். கொத்தனார் குழி தோண்டினார். செங்கலுக்கு மஞ்சள் பூசி, குழியில் பால் ஊற்றி, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு புது இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வேலைய ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"ஐயோ, இல்ல தாதா! இது வெறும் பூஜை."

"என்ன பூஜை?"

என் வங்காள ஞானத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. "நீங்க வீடு கட்டறப்ப பித் பூஜோ பண்ணுவீங்களே, அதேதான்!"

அவர் நிதானமாகச் சொன்னார்: "பித் பூஜோ வேலை ஆரம்பிக்கிற அன்னிக்குத்தானே பண்ணுவோம்? என் வீட்டுக்கும் அப்படித்தான் பண்ணினேன்."

"இப்பவே மூடிடறேன்" என்று கொத்தனாரின் மண்வெட்டியைப் பிடுங்கினேன்.

"பூஜை போட்ட குழிய மூடக் கூடாதுங்க, குடும்பத்துக்கு ஆகாது!" என்று ஐயர் அலறினார். மூடுவதா வேண்டாமா என்று தடுமாறியதில் பால் ஊற்றிய ஈரமண் வழுக்கி, வேட்டியும் மண்வெட்டியுமாகக் குழிக்குள் போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் போனை எடுத்துப் படம் பிடித்தார். உரிமையாளரே இறங்கித் தோண்டுகிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியை யாரும் கொடுத்திருக்க முடியாது.

மாடி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னைக் கீழ எறக்குடான்னா, நீ போய் எறங்கி நிக்கிறியே!"

ஐயர் சிரித்தார், கொத்தனார் சிரித்தார், நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தை ஃபைலில் சேர்த்தார். அனுமதியில்லாமல் வேலை தொடங்கியதற்கு நோட்டீஸ், விளக்கம், விசாரணை, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம்.

அம்மா ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. காய்கறிக்காரருக்குக்கூடப் பால்கனியிலிருந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். சொல்லச் சொல்லக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. அவள் குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் அவசரப்பட்டு எதில் மாட்டிக்கொண்டாலும் வீட்டில் அம்மாவின் அந்த ஜன்னல் வசனம்தான். தமிழ் தடுமாறும் என் மகன் பிசிறில்லாமல் சொல்லும் ஒரே தமிழ் வாக்கியமும் அதுதான்.

போன குளிர்காலத்தில் அம்மா இறந்துபோனாள். குறுகலான படியில் மெதுவாகத் திருப்பித் திருப்பி அவளைக் கீழே இறக்கினோம்.

வெயில் ஆரம்பித்தபிறகு ஒருநாள் அனுமதி கிடைத்துவிட்டதாக என் போனுக்குச் செய்தி வந்தது. மகன்தான் படித்தான். படித்துவிட்டுப் பழக்கதோஷத்தில், "என்னைக் கீழ எறக்குடான்னா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

மீதியை நான்தான் சொல்லி முடித்தேன்.