ஐந்து பெட்டிகளும் ஒரு குட்டிக் கொடியும்

நாட்டின் பெருமை எங்கெங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்து, படம் எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பிவைக்க மலேசியாவின் ஈப்போவில் ஓர் அலுவலகம் உண்டு. முழுப்பெயர், மாநில மின்னியல் தேசப்பெருமை ஒருங்கிணைப்புப் பிரிவு. இந்தப் பெயருக்குப் பலகை எழுதியதிலேயே முதல் வருட ஒதுக்கீடு காலி. அடுத்த இரண்டு வருடமும் பெருமையைத் தேடிப் போக வண்டி இல்லாமல் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வருடம் பெருமை தானாக வந்து மாட்டியது. அதன் பெயர் சன்னாசி.

சன்னாசிக்கு வயது அறுபத்தொன்று. கோப்பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்தவர். ரப்பர் பால்மரம் நின்ற இடத்தில் இப்போது பங்களா நிற்கிறது. இவர் சிம்பாங் பூலாயில் ஒரு மலிவு வீட்டில் மனைவி குமுதாவோடு குடியிருக்கிறார். ஈப்போவில் ஏழுமாடிக் கட்டடம் ஒன்றைக் காவல் காக்கும் ஜாகா வேலை. அங்குள்ள அலுவலகங்களில் புது மேலாளர் வந்தால் புதுக் கணினி வரும், பழசு குப்பைக்குப் போகும். மேலாளர்களோ மழைபோல வந்துகொண்டிருந்தார்கள். அப்படிப் பொறுக்கிச் சேர்த்தவைதான் வீட்டில் ஓடும் ஐந்து பெட்டிகள்.

அவை என்ன செய்தன என்று கேட்பீர்கள். எங்கோ ஒரு பல்கலைக்கழகம் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறது. அதற்கான மலைபோன்ற கணக்கைத் துண்டு துண்டாக்கி, உலகத்தில் யார் வீட்டுக் கணினி சும்மா இருக்கிறதோ அதற்கு அனுப்புகிறது. பெட்டி கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பினால் புள்ளி கிடைக்கும். காசு கிடையாது. புள்ளியைக் கொண்டுபோய் எந்தக் கடையிலும் ஒரு ரொட்டி சானாய் வாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமையானால் சன்னாசி ஐந்தையும் திறந்து, பெயின்ட் பிரஷால் தூசி தட்டி, பல்லி முட்டையைப் பொறுக்கி வெளியே போடுவார். இடி இடித்தால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவார். மேஜைக் காத்தாடி பெட்டிகளுக்கு வீசும். புருஷனும் பெண்டாட்டியும் விசிறிக்கொள்வார்கள். குமுதாவுக்கு ஒரே ஆறுதல், பெட்டிகளின் பின்னால் வரும் சூட்டில் மோர்மிளகாய் நன்றாகக் காய்ந்தது.

இவ்வளவு பாடும் எதற்கு? அந்த மனுஷன் பிறந்த அன்று அப்பாவுக்குத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. மறுநாள் பிறப்பைப் பதிய மறந்துபோனார். அந்த மறதிக்குத் தண்டனையாகச் சன்னாசி ஆயுசு முழுக்கச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது சிவப்பு ஐசி வைத்திருக்கிறார். நீல ஐசி வைத்திருப்பவன் குடிமகன். சிவப்பு வைத்திருப்பவன் ஓரமாக இருந்துகொள்ளலாம். நீலத்துக்கு மனு எழுதி எழுதியே அவர் கையெழுத்து அழகாகிவிட்டது.

கணக்குத் திட்டத்தில் சேர்ந்த அன்று திரை அவர் பெயரைக் கேட்டது. பிறகு நாட்டைக் கேட்டது. இருநூறு நாடுகள் வரிசையாக வந்தன. பயந்து பயந்து மலேசியாவைத் தொட்டார். சூராட் பிராணாக் என்ற பிறப்புப் பத்திரம் கேட்கவில்லை, அம்மா அப்பா கல்யாணப் பத்திரம் கேட்கவில்லை, சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டி வரச் சொல்லவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு மலேசியக் கொடி வந்து நின்றது. சன்னாசி சின்னப்பிள்ளைபோல அழுதார். அந்தக் கொடிக்காகத்தான் ஐந்து பெட்டியும் மூச்சைப் பிடித்து ஓடின. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தால் அதுவும் நல்லதுதான்.

ஆறு வருடத்தில் சன்னாசி அந்தத் திட்டத்தில் மலேசியாவுக்கே முதல் ஆள். நாட்டின் மொத்தப் புள்ளியில் முக்கால்வாசி அவருடையது. யாரோ இதைப் பேஸ்புக்கில் போட்டுவிட, அவர் குடியிருக்கும் தாமானே கிறுக்குப் பிடித்து ஆடியது. தாமான் சங்கத் தலைவர் மகேந்திரன் தன் முகத்தைப் பெரிதாகவும் சன்னாசியின் முகத்தைத் தபால்தலை அளவிலும் போட்டு பேனர் கட்டினார். வீட்டுக்கு வீடு கலர் விளக்கு எரியும் கணினி வாங்கி, தெருவைப் பார்த்தபடி வைத்தார்கள். இன்டர்நெட் இருக்கிறதா என்று கேட்டால், "வெளக்கு எரியுதுல்ல?" என்றார்கள்.

அப்புறம் வந்து சேர்ந்தார், ஒருங்கிணைப்புப் பிரிவின் உதவி அதிகாரி விக்னேஸ்வரன்.

"அண்ணே, ஈப்போவுல பெரிய விழா. டத்தோ வாராரு. உங்களுக்கு 'தேசத்தின் மின்னியல் மைந்தர்' விருது. ஐசி மட்டும் குடுங்க, பாரத்துல நம்பர் எழுதிக்கிறேன்."

சன்னாசி கொடுத்தார்.

"என்னண்ணே, செவப்பா இருக்கு?"

"குடுக்கும்போதே அப்படித்தான் குடுத்தாங்க லா."

விக்னேஸ்வரனுக்கு வேர்த்துவிட்டது. குடியுரிமை இல்லாதவர் தேசத்தின் மைந்தர் ஆக முடியாது. ஆனால் மண்டபம் எடுத்தாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று. வாசலுக்குப் போய் மேலதிகாரியிடம் அரைமணி நேரம் போனில் பேசினார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு.

"அண்ணே, புள்ளி எடுத்தது நீங்களா, பெட்டியா?"

"பெட்டிதான் கணக்குப் போடுது. நா தூசி தட்டுறேன்."

"அப்ப பிரச்சனையே இல்ல. பெட்டிய எங்க செஞ்சாங்க?"

முதல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒட்டியிருந்த தாளில் பினாங்கு என்று இருந்தது. தேதியும் நம்பரும் இருந்தன.

"பாருங்க! பொறந்த எடம், பொறந்த தேதி, நம்பரு. எவ்வளவு சுத்தமா இருக்கு. இது அசல் மலேசியக்காரன்."

"நானும் இங்கதான் லா பொறந்தேன். கோப்பெங்ல."

"உங்க மேல ஒட்டியிருக்காண்ணே?"

சன்னாசி தன்னைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். ஒட்டியிருக்கவில்லை.

விருதுப் பாரம் பெட்டியின் பெயரில் முறைப்படி நிரப்பப்பட்டது. இனம் என்ற இடத்தில் 'மற்றவை'. மதம் என்ற இடத்தில் அதிகாரி திணறியபோது, ஆயுத பூஜைக்குக் குமுதா பூசிய விபூதி கண்ணில் பட்டது. 'இந்து' என்று எழுதினார். ஆணா பெண்ணா என்று கேட்டார்.

"நாள் பூரா ஒழைக்குது, ஒருத்தரும் நல்லாருக்கியான்னு கேக்கறதில்ல. பொம்பளன்னு எழுதுங்க," என்றாள் குமுதா.

குமுதாவிடம் நீல ஐசி இருந்ததால் அவள் பெட்டியின் பாதுகாவலர் ஆனாள். சன்னாசியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்து, கடைசியில் 'அயல்நாட்டுப் பராமரிப்பு ஊழியர்' என்ற கட்டத்தில் அதிகாரி டிக் போட்டார்.

"இன்னொண்ணுண்ணே. உங்க பேருக்குப் பக்கத்துல இருக்கே, அந்தக் கொடி. அத எடுத்துருங்க. பெட்டி வச்சிக்கலாம், நீங்க வச்சிக்கக் கூடாது."

"தம்பி, கணக்கு என் பேர்ல இருக்கு. கொடிய எடுத்தா புள்ளியும் கூடவே போயிரும் லா."

"புள்ளி எங்கண்ணே போகும்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சன்னாசி திரையில் இருந்த கொடியையே பார்த்தார். ஆனாலும் ஜாகா வேலை பார்த்த ஆள், சொன்னதைச் செய்து பழகியவர். நாட்டுப் பட்டியலைத் திறந்தார். எல்லா நாட்டுக்கும் கீழே, கடைசியில், 'நாடு இல்லை' என்று ஒன்று இருந்தது. அழுத்தினார். கொடி போய்விட்டது.

விழா சிறப்பாக நடந்தது. பெட்டிக்கு டத்தோ பொன்னாடை போர்த்தினார். பாராட்டுரையின் நடுவே, உலகத் தரவரிசை பெரிய திரையில் நேரடியாகக் காட்டப்பட்டது. மலேசியாவைத் தேடினார்கள். மேலே காணோம், நடுவிலும் காணோம். சிங்கப்பூருக்கு ஒன்பது இடம் கீழே கிடந்தது. சிங்கப்பூருக்குக் கீழே என்பதைத் தாங்கிக்கொள்ளும் அதிகாரி இந்த மண்ணில் இன்னும் பிறக்கவில்லை. திரை பழுது என்று அறிவித்து எல்லாரையும் சாப்பிட அனுப்பினார்கள்.

தாமானில் மோகம் தீர்ந்து, கலர் விளக்குப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்கு வந்தன. சன்னாசி தூக்கி வந்து பழுது பார்த்தார். அதே தாமானில் சிவப்பு ஐசிக்காரரும் ஐசியே இல்லாதவருமாகப் பதினோரு பேர் இருந்தார்கள். ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப்போய், 'நாடு இல்லை' என்ற இடத்திலேயே சேர்ந்துகொண்டார்கள். ஏற்கெனவே மலேசியாவைத் தாண்டியிருந்த அந்த இடம், நான்கே மாதத்தில் சிங்கப்பூரையும் தாண்டி மேலே போனது.

ஒருங்கிணைப்புப் பிரிவு அவசரக் கூட்டம் போட்டது. இவ்வளவு வேகமாக முன்னேறும் அந்த நாட்டிடம் பாடம் கற்கப் பன்னிரண்டு பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்றை அனுப்புவதென்று தீர்மானம் நிறைவேறியது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர் குழுவில் இடம் இழப்பார் அல்லவா? தாமான் மக்களின் பிரதிநிதியாக மகேந்திரன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து, குளிர்ச்சட்டையும் வாங்கிவிட்டார்.

விக்னேஸ்வரன் மறுபடியும் சிம்பாங் பூலாய்க்கு வந்தார்.

"அண்ணே, எனக்குத் தெரியும்ணே, இது என்னன்னு. ஆனா மேல கையெழுத்து ஆயிருச்சு. அந்த நாட்டுக்காரர் ஒருத்தர் அனுமதிக் கடிதம் குடுக்கணுமாம். அங்க நீங்கதானே மொதல் ஆளு?"

சன்னாசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிகாரியை நிற்கவைத்தே பேசினார்.

"தாராளமா வரலாம் லா. எங்க நாட்டுல விசா கெடையாது, பாஸ்போர்ட் கெடையாது. ஒரே ஒரு விதி. உள்ள வாரவங்க ஐசிய எங்கிட்ட குடுத்துட்டுத்தான் வரணும். திருப்பித் தர்ற வழக்கம் எங்களுக்கு இல்ல."

விக்னேஸ்வரன் சிரித்தார். சன்னாசி சிரிக்கவில்லை, குமுதாவும் சிரிக்கவில்லை. சன்னாசியின் கை நீட்டியபடியே இருந்தது. அதிகாரியின் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் கை தானாகப் பின்னால் போய், பர்ஸ் இருந்த பையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அப்படியே பிடித்தபடி, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்களும் இப்போது பையைத் தொட்டுப் பார்த்தீர்கள்.