காசிராஜன் காருக்குப் புகை பார்த்த கதை

பெண்டாட்டியை ஏமாற்றிவிடுவது என்று காசிராஜன் முடிவெடுத்தது எண்பத்தொன்பதாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இது அவர் எடுத்த நாலாவது முடிவு. முதல் மூன்றும் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். பாவம், மனுஷன் மறக்கப் பார்க்கிறார்.

விஷயம் காரைப் பற்றியது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அவர் மேனேஜர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பீடி பிடிக்கக் கூடாது, மற்றவர்களைப் பிடிக்க விடவும் கூடாது. அப்படி அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறவருக்கு ஒரே ஓர் ஆசை, ரேஸ் கார் ஓட்ட வேண்டும். பழைய ரெண்டு கதவு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கினார். அதற்குக் கூரை போல்ட்டில்தான் நிற்கும். கழற்றிப் போட்டார். பின்சீட்டைப் பிடுங்கினார். சைலன்சரை எடுத்துவிட்டு முழங்கைத் தண்டிக்கு ரெண்டு குழாய் மாட்டினார். கார்புரேட்டரை மாற்றினார். சிவப்பு பெயின்ட் அடித்தார். அவர் புறப்படுகிற சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். அவர் போன பிறகும் தெருவில் கால் மணி நேரம் புகை நிற்கும். அந்தக் கால் மணி நேரம்தான் அவர் பிறந்ததற்கு அர்த்தம்.

கழற்றிப் போட்ட கூரையை மனைவி ஆவுடைத்தாய் வீணாக்கவில்லை. கொல்லையில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்துக் கோழி அடைத்தாள். காரில் அவள் ஏறியது ஒரே ஒரு தடவை, பசுவந்தனையில் இருக்கிற அம்மா வீட்டுக்கு. கரிசல் புழுதியெல்லாம் பட்டுச்சேலையில் அப்பிக்கொள்ள அவள் போய் இறங்கியபோது, பெற்ற தாயே, "யாரு தாயி, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். ஆவுடைத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் அந்தக் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் குறுக்கே வந்தது. பதிவைப் புதுப்பிக்க வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் இப்போதெல்லாம் புகையும் பார்க்கிறாராம். மெக்கானிக் எபநேசர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அண்ணாச்சி, இதை இப்படியே கொண்டுபோய் அங்கன நிறுத்தினா, வண்டியோட சேத்து ஒங்களையும் பிடிச்சு வச்சிருவாவ."

"வேற வழி?"

"பழைய சைலன்சர், பழைய கார்புரேட்டர், கூரை, பின்சீட்டு, எல்லாத்தையும் மாட்டுவோம். பாஸாகட்டும். சனிக்கிழமை திரும்பக் கழத்திருவோம்."

காசிராஜனுக்கு எபநேசரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை, பஜாரில் கடை வைத்திருந்த சங்கிலிப்பாண்டியின் புது மோட்டார் சைக்கிளோடு பாஞ்சாலங்குறிச்சி வரை பந்தயம் பேசி வைத்திருந்தார். பஜாரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. தோற்றாலும் பரவாயில்லை, போகாமல் இருந்தால் தலைகாட்ட முடியாது.

ஒரே சிக்கல்தான். கூரைக்குக் கீழே கோழி. கோழிக்கு மேலே ஆவுடைத்தாய்.

"ஏட்டி ஆவுடை, அந்தக் கூரை கொஞ்சம் வேணும்."

"கோழி அடையில இருக்கு. பதினோரு முட்டை."

"காரைப் பழையபடி ஆக்கப் போறேன்ட்டி."

ஆவுடைத்தாய் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "ஏன், என்ன வந்துச்சு?"

"ஒன்னைய அன்னைக்குப் புழுதில கூட்டிட்டுப் போனதை நெனைச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கு."

"அப்ப பக்கத்துல படுத்துக் கொறட்டை விடுதது யாரு?"

"வெளையாடாத. நெசமாத்தான் சொல்லுதேன். இனி ரேஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"கழத்துத குழாய், சாமானெல்லாம்?"

"கொல்லையில ஒரு சாக்குல போட்டு வைக்கேன். பழைய இரும்புதான. இனி எவனுக்கு வேணும்?"

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு வளைகாப்பு. பசுவந்தனைக்குக் கார்லயே போயிருவமா?"

"பாப்போம், பாப்போம்."

ஆவுடைத்தாய் உடனே எழுந்தாள். கோழியை முட்டையோடு ஒரு பனையோலைக் கடகப்பெட்டிக்கு மாற்றினாள். கூரையில் காய்ந்திருந்த எச்சத்தையெல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அதைப் பார்த்தபோது காசிராஜனுக்கு மனசு உறுத்தியது. ரொம்ப இல்லை, லேசாக.

வெள்ளிக்கிழமை காலையில் கார் கோயிலுக்குப் போகிற மாதிரி அடக்கமாக நின்றது. இன்ஸ்பெக்டர் பின்னால் குனிந்து, "மிதிங்க" என்றார். காசிராஜன் மிதித்தார். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அவருக்கே அசிங்கமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டபோது, கூரையிலிருந்து ஒரு கோழி இறகு மிதந்து வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

"என்னது இது?"

"காத்துக்குப் பறந்து வந்திருக்கும் சார்," என்றார் எபநேசர்.

ஆகஸ்டு மாதக் காற்று அன்றைக்கு நன்றாகவே அடித்தது. இன்ஸ்பெக்டர் இறகைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காசிராஜன் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஆவுடைத்தாய் ஒரு தட்டோடு வாசலுக்கே வந்தாள்.

"பாஸாயிட்டுல்லா? வாயை இனிப்பாக்குங்க."

பேரீச்சம்பழம். நல்ல பழம், கொட்டையே தெரியாமல் சதை. நின்றபடியே ஏழு தின்றார்.

"பழம் ஜோரா இருக்குட்டி. எங்க வாங்கின?"

"வாங்கலை. தள்ளுவண்டிக்காரன் வந்தான். பழைய இரும்புக்குக் குடுத்துட்டுப் போனான். பானை நெறைய இருக்கு, இன்னும் தின்னுங்க."

எட்டாவது பழம் தொண்டையில் நின்றது. கொல்லைக்கு ஓடினார். சாக்கு இருந்த இடத்தில் கடகப்பெட்டி இருந்தது. அதிலிருந்து கோழி அவரை முறைத்தது.

"அந்தச் சாக்கையா குடுத்த?"

"ஆமா. இனி எவனுக்கு வேணும்னு நீங்கதான சொன்னீங்க." அவள் குரலில் அத்தனை கரிசனம். "ஏன், உங்களுக்கு வேணுமா?"

வேணும் என்றால் செவ்வாய்க்கிழமை சொன்னது அத்தனையும் பொய்யாகிவிடும். காசிராஜன் வாயைத் திறந்தார்.

"வேண்டாம்," என்றார்.

"அதான பாத்தேன். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குக் கெளம்பணும். வளையலும் சீர்த்தட்டும் பின்சீட்டுல வச்சிக்கிடலாம். அம்மாகிட்ட மாப்பிள்ளை கூரையெல்லாம் போட்டுக் கூட்டிட்டு வாராருன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவியளுக்கு ஒரே சந்தோசமாம்."

சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துதான் போயிற்று. அது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் பந்தயம் போய்விட்டதே. குழாய் போனால் போகட்டும், கூரையையாவது கழற்றிவிட்டு பஜார் வழியாக ஒரு தடவை போய்வரலாம் என்று நினைத்து நைசாகக் கேட்டார்.

"ஏட்டி, ஸ்பானர் செட்டை இங்கனதான வச்சிருந்தேன், பாத்தியா?"

"அதுவும் இரும்புதான," என்றாள் ஆவுடைத்தாய்.