சைரன் அண்ணனும் சந்தனம் பூசிய சோலாரும்

கேமரன் மலையில் வெயிலை நம்பி வாழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சைரன் அண்ணன். மற்ற நாங்களெல்லாம் கம்பளிச் சட்டையை நம்பி வாழ்கிறோம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பதினோரு வருடமாக வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடத் தெம்பு இருப்பதில்லை. அண்ணன் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. எட்டு வீடுகள் கொண்ட எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மேடு இருந்தது. போன மழைக்காலத்தில் அதன் உச்சியில் ஒரு விரிசல் கண்டது. மண் சரிந்தால் நேரே எங்கள் தலையில்தான். ஆபீசில் போய்ச் சொன்னோம். "பாக்குறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அண்ணன் காத்திருக்கவில்லை. விரிசலுக்கு இரண்டு பக்கமும் கட்டை அடித்து, நடுவே நைலான் கயிறு கட்டி, பழைய மோட்டார் ஹாரன் ஒன்றைப் பொருத்தினார். மண் நகர்ந்தால் கயிறு இழுபடும், ஹாரன் அலறும். எல்லாம் சரி, ஹாரனுக்குக் கரண்ட்? மேட்டில் ஏது பிளக்? மேட்டை ஒட்டிய கடைசி வீடு என்னுடையது. என் தலையெழுத்து அங்கே ஆரம்பித்தது.

"சார், உங்க குசினியிலேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கிறேன்லா. சின்ன வயருதான்."

சின்ன வயர் என்றவர் என் சமையல்கட்டிலிருந்து நான்கு எக்ஸ்டென்ஷன் வயர்களை ஒன்றோடொன்று மாட்டி, மூட்டுக்கு மூட்டு பிளாஸ்டிக் பையைச் சுற்றி மேலே ஏற்றினார். அன்று சாயங்காலமே மழை. 'டப்' என்றது. எட்டு வீட்டிலும் கரண்ட் போனது. என் வீட்டுச் சோறு அரை வேக்காட்டில் நின்றது.

அடுத்த வாரம் வந்தார். "சார், உங்க மோட்டாரு சும்மாதானே நிக்குது?"

சும்மா நிற்கவில்லை ஐயா, நான் தூங்கும்போது நிற்கிறது. சொல்லி முடிப்பதற்குள் என் மோட்டார் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான் பள்ளிக்கு நடந்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்தப் பேட்டரி சார்ஜ் ஏற என் வீட்டு ஹாலுக்கே விருந்தாளியாக வந்தது. என் மனைவி அதற்கு ஒரு கால்மிதி போட்டு வைத்தாள்.

கடைசியில் தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு சோலார் தகடு வாங்கி வந்தார். சிலேட்டு அளவுதான் இருக்கும்.

"இந்த மூடுபனியில சோலாராண்ணே?"

"காலையில ரெண்டு மணி நேரம் வெயிலு வருதுல்ல, அது போதும் சார். பேராசப்படக் கூடாதுலா."

ஆச்சரியம், அது வேலை செய்தது! உயிர் இருக்கிறது என்று காட்ட ஒரு பச்சை விளக்கு. ஆனால் கயிற்றைக் குரங்கு இழுத்தாலும் ஹாரன் அடித்தது, காட்டுப்பன்றி உரசினாலும் அடித்தது. அடித்தால் எட்டுக் குடும்பமும் கோயில் கொட்டகைக்கு ஓட வேண்டும். நான்காவது தடவை பக்கத்து வீட்டு மேரி அக்கா பிளாஸ்க்கில் டீயோடு வந்தார். ஆறாவது தடவை நான் கட்டிலை விட்டு எழவே இல்லை.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். "படிச்சவங்க நீங்களே இப்படிப் படுத்துக்கிட்டா எப்படி சார்?"

"குரங்குக்கெல்லாம் ஓட எனக்குத் தெம்பில்லண்ணே. ஆள விடுங்க."

ஆயுத பூஜை வந்தது. லயத்து ஆட்கள் கொழுந்து வெட்டும் மெஷின், லோரி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு மேட்டில் ஏறினேன். அண்ணனிடம் அப்படிப் பேசியது உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் கை தாராளமாகிவிட்டது. தகடு முழுக்கச் சந்தனம் அப்பி, மேலே பட்டை போட்டு, குங்குமம் வைத்து, மாலையும் சாத்திவிட்டு இறங்கினேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஹோவென்று மழை. நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மனைவி குசினியில் இருந்தாள். மேட்டிலிருந்து யாரோ பிஸ்கட் டின்னைப் போட்டு அடிக்கும் சத்தம். இது வேறயா என்று அடுத்த தாளை எடுத்தேன். படாரென்று கதவு திறந்தது. தலை முதல் கால் வரை சேறாக அண்ணன்.

"நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும் சார்! உங்க வீட்டு அக்காவக் கூட்டிக்கிட்டு ஓடுங்க!"

என் சட்டையைப் பிடித்து இழுத்தே விட்டார். கொட்டகைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது எங்கள் குசினி இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. எட்டு வீட்டு ஆட்களையும் எண்ணினோம். ஒரு தலை குறையவில்லை.

"ஹாரன் ஏண்ணே அடிக்கல?"

"பேட்டரி முந்தாநேத்து ராத்திரியே செத்துப்போச்சு சார். தகட்டுல வெயிலு படல. அதான் ஒரு டின்ன வச்சிக்கிட்டு நானே மேல குந்திக்கிட்டேன்."

"ரெண்டு நாளாவா? மழையிலயா?"

"வேற யாரு இருக்கா?"

"அண்ணே... சந்தனம் பூசினது நான்தான்."

"தெரியும் சார். இம்மாம் சந்தனம் வேற யாரு பூசுவா?"

"தொடச்சிருக்கலாமேண்ணே!"

"அலாமாக்! பூஜை போட்ட சாமான மூணு நாளைக்குத் தொடக் கூடாதுலா. நாளைக்குத் தொடச்சிக்கலாம்னு இருந்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மேரி அக்கா எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது அண்ணன் கம்போங் ராஜாவில் தங்கை வீட்டில் இருக்கிறார். எங்களுக்கும் மேடில்லாத இடத்தில் வீடு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் மழை பிடித்தால் போன் செய்வார். "சார், அங்க எப்படி?" அவ்வளவுதான் கேட்பார். தூறல் விழுந்ததும் நான் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் கூப்பிடும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.