மணிக்கு ஒரு டெராபைட்

மனிதர்களில் உச்சத் தரத்தார் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் தெரியாது, உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். உங்கள் குழந்தை முதல் அடி எடுத்து வைத்த வீடியோவை ஆசையாகக் காட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். கண்ணைச் சுருக்கி, "இது எந்த கோடெக்ல எடுத்தது?" என்பார். குழந்தை நடந்து, விழுந்து, அழுது, எழுந்தும் விடும். அவர் கண்ணில் அதெல்லாம் படுமா?

கோடெக் என்பது வேறொன்றுமில்லை, படத்தை மடித்துப் பெட்டியில் அடுக்கும் முறை. நன்றாக மடித்தால் சின்னப் பெட்டி போதும். மடித்தால் கசங்கிவிடும் என்று அஞ்சுகிறவருக்கு லாரிதான் வேண்டும். நம் கதாநாயகர் லாரிக் கட்சி. வீடியோ எடிட்டர், கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'உச்சம்'. அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

அவரிடம் பஸ் டிப்போவின் பாட்டுக்குழு வந்து சேர்ந்தது. பதினெட்டு டிரைவர்கள், கண்டக்டர்கள். தலைவி ஒரு டிரைவர் அம்மாள். அவர் பாடினால் தெருமுனையில் நிற்பவரும் ஒதுங்குவார் என்பதால் 'ஹாரன் அக்கா'. ஒரு பாட்டுப் போட்டிக்கு வீடியோ அனுப்ப வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிதான் கெடு.

"போன வருஷம் போன்ல எடுத்து அனுப்பினோம் சார். மூஞ்சியே தெரியலன்னு தள்ளிட்டாங்க. இந்த வருஷத்தோட எங்கள்ல ஆறு பேருக்கு சர்வீஸ் முடியுது. இத விட்டா சேர்ந்து பாட வாய்ப்பே இல்ல."

"கவலைய விடுங்க. சினிமாக்காரங்களே வந்து கேட்கணும், அப்படி எடுத்துத் தரேன்."

உச்சத்தின் மனைவி குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர். லாரி வாசலுக்கு வருமுன்பே எத்தனை பெட்டி உள்ளே போகும் என்று சொல்வது அவர் வேலை. பழக்கதோஷத்தில் கேட்டார்.

"ஏங்க, ஒரு கேமரா ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?"

"நான் எடுக்கிற தரத்துக்கு முந்நூத்து முப்பது ஜிபி."

"மூணு கேமரா. அப்ப மணிக்கு ஒரு டெராபைட். உங்ககிட்ட இருக்கறதே நாலு. நாலு மணி நேரத்துல ரொம்பிடும். எடிட் பண்ண எங்க இடம்? காப்பி எங்க வைப்பீங்க?"

உச்சம் புன்னகைத்தார். நோயைப் பற்றி எங்கோ படித்துவிட்டு வரும் நோயாளியைப் பார்த்து டாக்டர் சிரிக்கும் சிரிப்பு அது.

படப்பிடிப்பு டிப்போவின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முதல் நாற்பது நிமிடம் யாரும் வரவில்லை. வெளிச்சம் அருமையாக இருந்ததால் காலி நாற்காலிகளை எடுத்தார், மூன்று கேமராவிலும். பிறகு அவர்கள் டீ குடித்ததை, தொண்டையைச் செருமியதை, முன்வரிசையில் யார் நிற்பது என்று முட்டிக்கொண்டதை, எல்லாவற்றையும் உச்சத் தரத்திலேயே எடுத்தார். பாட்டு பதினோரு நிமிடம். டிஸ்க் கழுத்துவரை வந்தபோது, நல்லவேளை, அதுவும் முடிந்தது.

புதன்கிழமை எடிட்டிங்குக்கு உட்கார்ந்தார். திரையில் ஹாரன் அக்கா வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். நான்கு விநாடி கழித்து மூடினார். கம்ப்யூட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது; மூன்று கேமராவின் பளுவை அது தூக்கவில்லை. இதற்கு மருந்து உண்டு. எடை குறைந்த நகல்களை உருவாக்கி, அவற்றை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலப் படத்தோடு இணைத்துவிடலாம். இதைப் பற்றி அவரே எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறார். ஆனால் நகல் போட இடம்? கைக்குட்டை விரிக்கக்கூட இல்லை. புது டிஸ்க் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும் என்று கடைக்காரர் கைவிரித்தார்.

எதையாவது அழித்தாக வேண்டும். வாழ்நாளில் ஒரு விநாடியைக்கூட அழித்தறியாத மனிதர்!

வியாழக்கிழமை காலை, டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஹாரன் அக்கா வந்தார். உச்சம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார்.

"என்ன சார் இது?"

"நாற்காலி."

"நாங்க எங்க?"

"நீங்க இன்னும் வரல. அந்த நிழலப் பாருங்க, எவ்வளவு நுணுக்கம்! இத எப்படிங்க அழிக்கறது?"

"இந்த நாற்காலிய யாருக்குங்க காட்டப் போறீங்க?" என்றார் மனைவி.

ஹாரன் அக்கா திரையில் இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு, அந்தக் குரலா இது என்று வியக்கும்படி மெல்லச் சொன்னார்: "சார், நாற்காலிக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் கிடையாது. எங்களுக்கு இருக்கு."

உச்சத்துக்குச் சுருக்கென்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதுவாவது தன் கட்சியில் இருக்கிறதே என்று ஒரு கணம் நெகிழ்ந்து, மறுபடி அழுத்தினார். அறுநூற்று அறுபது ஜிபி விடுதலை.

அப்புறம் வேலை ஓடியது. நகல்கள் தயாராயின, படம் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் போட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். விதிமுறையின் முதல் வரி: 'வீடியோ இரண்டு ஜிபிக்கு மேல் இருக்கக் கூடாது.'

இதை முன்பே படித்திருக்கலாமே என்கிறீர்களா? அவர் கோடெக் தேர்ந்தெடுக்கும் மும்முரத்தில் இருந்தார்.

மணிக்கு ஒரு டெராபைட் எடுத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் ஒன்றே முக்கால் ஜிபிக்குள் அமுக்கி, பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பிவைத்தார். "நல்லாத்தானங்க இருக்கு?" என்றார் மனைவி. "உனக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் உச்சம். அவருக்கும் தெரியவில்லை. அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து போன் வந்தது.

"சார், செலக்ட் ஆயிட்டோம்! ஃபைனலுக்குப் பதினெட்டு பேரும் போறோம்! குரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா, தெளிவா கேக்குதுன்னு நடுவருங்க எழுதியிருக்காங்க!"

"படத்தப் பத்தி?"

"படத்தப் பத்தி ஒண்ணும் எழுதலயே சார்."

உச்சம் போனை வைத்தார். அவர்கள் தேர்வானதில் அவருக்குச் சந்தோஷம்தான், கண்கூடக் கலங்கியது. ஆனாலும் மனைவியிடம் திரும்பி, "அடுத்த தடவ இதுக்கு ரெண்டு மடங்கு தரத்துல எடுத்தாதான் அவங்க கண்ணுல படும்" என்றார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் 'இடம் போதவில்லை' என்று உங்கள் போன் கெஞ்சியதே, அப்போது என்ன செய்தீர்கள்? ஒரே மேகத்தை எடுத்த பதினேழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் அழகு இருப்பதாக முடிவுகட்டி, 'பிறகு பார்க்கலாம்' என்பதைத் தொட்டுவிட்டு மூடி வைத்தது யார்? நான் பெயர் சொல்லவில்லை.