எண்ணூற்று எழுபத்தொன்றும் இருபத்தாறு சால்வைகளும்

கோழிக்கு வேர்க்காது. ஆண்டவன் அதற்குக் கொண்டை கொடுத்தான், றெக்கை கொடுத்தான், தினம் ஒரு முட்டை போடும் பொறுப்பையும் கொடுத்தான். வேர்வையை மட்டும் மறந்துவிட்டான். ஆகவே கத்திரி வெயில் வந்தால் புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிகள் வாயைப் பிளந்து, றெக்கையை விரித்து, நின்ற நிலையிலேயே செத்துப்போகும். போன வருசம் சென்னியம்மாளின் பண்ணையில் மூவாயிரத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு போனது. இந்த வருசமும் அப்படிப் போனால் பண்ணையை விற்றுவிட்டு இன்னொருத்தர் பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான்.

கொட்டகை நெடுகத் தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கும் குழாயும் பத்துப் பெரிய மின்விசிறியும் போட்டால் கோழி பிழைக்கும். மூன்று லட்சம் ஆகும். மாசி மாதத்திலேயே சென்னியம்மாள் பொன்விதை வங்கியின் படியேறினார்.

கிளை மேலாளர் நந்தகுமார் கம்ப்யூட்டரில் ஆதார் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா. டேய், அம்மாவுக்கு டீ சொல்லு. கடனைத் திருப்பிக் கட்டறதுல உங்க கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு தெரியுங்களா? எண்ணூத்தி எழுபத்தொண்ணு. இந்தக் கிளையிலயே நீங்கதான் முதல்."

"வாங்குனதத் தேதி தவறாமக் கட்டிருவனுங்க. அப்பக் கடன் கெடைச்சுருமுங்களா?"

"அதெப்படிங்கம்மா கெடைக்கும்?"

சென்னியம்மாள் டீயைக் கீழே வைத்தார்.

நந்தகுமார் பொறுமையாக விளக்கினார். கடன் கொடுத்தால் ஸ்கோர் இறங்கும். முப்பது, நாற்பதுகூட இறங்கும். சென்னியம்மாள் இறங்கினால் கிளையின் சராசரி இறங்கும். சராசரி இறங்கினால் மண்டல அளவில் தரும் கேடயம் மல்லசமுத்திரம் கிளைக்குப் போய்விடும்.

"அப்ப ஸ்கோரு கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் குடுப்பீங்களா?"

"அவங்களுக்கு எப்படிங்கம்மா குடுக்க முடியும்? ஸ்கோரு கம்மியா இருக்குதே."

"நடுவால இருக்கறவங்களுக்கு?"

"அவங்க கேக்கறதே இல்லைங்க. கேட்டா இறங்கிருமோன்னு பயம்."

"அப்ப பேங்குல என்னதானுங்க பண்றீங்க?"

"ஸ்கோரைப் பாதுகாக்கிறோம்" என்றார் நந்தகுமார். சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுத்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை. நிராகரித்தால் அவமரியாதை. அதன் மேல் 'கௌரவத்துடன் திருப்பப்படுகிறது' என்று முத்திரை குத்தி, சென்னியம்மாளின் தோளில் கத்திரிப்பூ நிறத்தில் ஜரிகைக் கரை போட்ட சால்வை ஒன்றைப் போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். கடன் கேட்டுப் போனவர் புதுப்பெண் மாதிரி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அந்த வருசம் ஊரே ஸ்கோர் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தது. காலையில் முட்டை விலை வந்ததும் அடுத்த பேச்சு அதுதான். "இன்னிக்கு உங்களுது எவ்வளவுங்க?" கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டு, அதற்குப் பின்னால் 730 என்று போட்டார்கள். அடுத்த தோட்டத்துக் கருப்பண்ணன் தன்னுடைய 742ஐ லாரியின் பின்பக்கம், குலதெய்வத்தின் பெயருக்குக் கீழே, எழுதி வைத்திருந்தார்.

"ஏனுங்க அக்கா, சால்வையெல்லாம் போத்துனாங்களாமா?" என்று வேலியோரம் வந்து கேட்டார் கருப்பண்ணன்.

"போத்துனாங்க. கடன்தான் குடுக்கல."

"கடன் என்னுங்கக்கா கடன். அது எவன் வேணும்னாலும் வாங்குவான். இந்தச் சால்வை கெடைக்குமா? தொட்டுப் பாத்துக்கட்டுமுங்களா?"

தொட்டுப் பார்த்தார். கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

வங்கி விடவில்லை. கிளையின் ஆண்டு விழாவுக்கு ஒரு சால்வை, மண்டல மாநாட்டுக்கு ஒன்று, வாடிக்கையாளர் தினத்துக்கு ஒன்று, கேடயம் வந்ததற்கு இரண்டு என்று மொத்தம் பத்துச் சால்வைகளைப் போர்த்திவிட்டது. நெடுஞ்சாலையில் அவர் படம் போட்ட பேனர் நின்றது. அதைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். தீவன வியாபாரிகள் சங்கம், லாரி பாடி கட்டுவோர் சங்கம் என்று போன இடமெல்லாம் சால்வை. கடைசியாக நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்று ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தது.

மேடைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேர்க்கும் என்பதால் பந்தல் தேவைப்படவில்லை.

தாளாளர் மைக்கைப் பிடித்தார். "மாணவச் செல்வங்களே, தொள்ளாயிரத்துக்கு எண்ணூற்று எழுபத்தொன்று. டியூஷன் இல்லாமல். கைடு இல்லாமல். கோழிக் கொட்டகை விளக்கில்." கைதட்டல் அடங்கியதும் மைக்கை மூடிக்கொண்டு சென்னியம்மாள் பக்கம் குனிந்தார். "தப்பா நெனைக்காதீங்க. மிச்ச இருபத்தொன்பது எங்கங்க போச்சு?"

"தெரியலீங்களே."

"ரீடோட்டலிங் போட்டுப் பாத்தீங்களா?"

கேள்வி நேரத்தில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இவ்வளவு மார்க் வாங்கி உங்களுக்கு என்ன கெடைச்சுதுங்க ஆன்ட்டி?"

சென்னியம்மாள் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "சால்வை, கண்ணு" என்றார்.

அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு, இன்னொரு சால்வை போர்த்தினார்கள்.

சித்திரை பிறந்தது. தகரக் கூரை மதியத்தில் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரே நாளில் பதினேழு கோழிகள் விழுந்தன. அன்றைக்கே சென்னியம்மாள் வங்கிக்கு ஓடினார். நந்தகுமார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? மாசியில கடன் கேட்டீங்கல்ல, கேட்டதுக்கே மூணு பாயிண்ட் இறங்கிருச்சு. இப்ப எண்ணூத்தி அறுபத்தெட்டு. இனியும் கேட்டீங்கன்னா நான் மேல என்ன பதில் சொல்லுவேன்?"

"கோழி சாகுதுங்க சார்."

"எனக்குப் புரியாமலா இருக்கும்? நானும் தகரக் கூரை போட்ட வாடகை வீட்லதாங்கம்மா குடியிருக்கேன். வேர்த்தே கரைஞ்சு போயிட்டேன்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தைத் தெரிவிக்க அலமாரியைத் திறந்தார். பதினோராவது சால்வை.

வீட்டுக்கு வந்தபோது மகள் கிருத்திகா இன்னும் ஐந்து கோழிகளைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் தோளிலிருந்த சால்வையைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். பீரோவைத் திறந்தார்.

"அம்மா, என்ன பண்றே?"

"பைப்பைப் போடு சாமி."

இருபத்தாறு சால்வைகளையும் தொட்டியில் முக்கி, வெயில் அடிக்கும் பக்கம் கம்பியில் வரிசையாகக் கட்டினார்கள். காற்று ஜரிகையைத் தாண்டி ஜில்லென்று உள்ளே போனது. மணிக்கு ஒருமுறை நனைத்தார்கள். மறுநாள் நாலு கோழி விழுந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றுகூட விழவில்லை. ஒரே ஒரு குறை. சாயம் இறங்கி, அந்த ஓரத்துக் கூண்டுகளில் இருந்த வெள்ளைக் கோழிகளெல்லாம் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தன. மரியாதை செய்யப்பட்ட தோரணையில் கழுத்தை நிமிர்த்தி நின்றன.

இந்த நேரம் பார்த்துத்தான் தணிக்கை அதிகாரி மோகன்குமார் மண்டல அலுவலகத்திலிருந்து வந்தார். கிளையில் கௌரவச் செலவு வரம்பு மீறிப் போயிருந்தது. சால்வைகளை நேரில் சரிபார்க்கப் பண்ணைக்கே வந்துவிட்டார்.

"கோழி ஏன் இந்தக் கலர்ல இருக்கு?"

"உங்க பேங்குச் சாயமுங்க."

அவர் குறிப்பெடுத்தார்: 'மேற்படி வங்கிச் சொத்து பதினொன்றும் தற்சமயம் கோழிகளின் அனுபவத்தில் உள்ளது.' பிறகு கணக்கைச் சீர்செய்தார். செலவில் ஏற்ற முடியாததைக் கடனில் ஏற்றலாம். சால்வை ஒன்றுக்கு நானூற்றைம்பது வீதம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய், பொருள்வழிக் கடனாக, சென்னியம்மாள் பெயரில், மாசி மாதத்திலிருந்தே வழங்கப்பட்டதாக.

சென்னியம்மாள் சுருக்குப் பையை எடுத்தார். "இப்பவே கட்டிர்றனுங்க."

"தாராளமாக் கட்டுங்க. ஆனா ரெண்டு தவணை தவறியது தவறியதுதானுங்களே."

சாயங்காலம் போனில் ஒரு பெண் குரல், முட்டையை உருட்டுவது போலப் பதமாகப் பேசியது. "அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்கள் ஸ்கோர் அறுநூற்றுப் பதினொன்று. எங்களுடன் பயணித்தமைக்கு நன்றி."

கிருத்திகா அழுதாள். சென்னியம்மாள் அழவில்லை. விடிந்ததும் வங்கியில் போய் நின்றார். "சார், ஸ்கோரு போயிருச்சு. இனிக் காப்பாத்தறதுக்கு ஒண்ணுமில்லை. இப்பவாச்சும் கடன் குடுப்பீங்களா?"

நந்தகுமார் எழுந்து நிற்கவில்லை. டீயும் சொல்லவில்லை. "அறுநூத்திப் பதினொண்ணுக்கு எப்படிங்கம்மா குடுக்க முடியும்?"

பத்து நாள் கழித்து, கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், பண்ணை வாசலில் பைக் சத்தம் கேட்டது. நந்தகுமார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"வீடு கட்ட எங்க பேங்குலயே லோன் கேட்டிருந்தேங்கம்மா" என்றார், செருப்பைப் பார்த்தபடி. "நீங்க இறங்குனதுக்கப்புறம் கிளையில நான்தான் முதலாம். எண்ணூத்தி அறுபத்தாறு." பொட்டலத்தைப் பிரித்தார். கத்திரிப்பூ நிறம், ஜரிகைக் கரை. "இதை எத்தனை தடவைங்க நனைக்கணும்?"

"மணிக்கு ஒருக்கா நனைக்கோணுமுங்க" என்றார் சென்னியம்மாள். "மேக்காலச் சன்னல்ல கட்டுங்க. கீழ நிக்கறப்ப வெள்ளைச் சட்டை வேண்டாம்."

அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே திரும்பினார். வேலிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு நேரமும் நின்று, கத்திரிப்பூக் கோழிகளையும் மேலாளரின் முதுகையும் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த கருப்பண்ணன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், உங்களுக்கு அடுத்தது எழுநூத்தி நாப்பத்திரண்டுதானுங்களே? ஏனுங்க, நமக்குச் செவப்புல கெடைக்குமுங்களா?"